700-ஐ நான் பார்க்கவில்லை, மாப்ளே

செயிண்ட் லூயிஸ்,
16 அக்டோபர் 2022

அன்புள்ள மாப்ளே,

உன் செய்தி வந்து எட்டு நாள் ஆகிவிட்டது. "உங்க தாத்தாவுக்கு வழியனுப்பு முடிஞ்சுதா?" என்று ஒரு வரி, பின்னால் மூன்று சிரிப்புப் பொம்மை. தாத்தா என்று நீ கேலி செய்வது பேஸ்பால்காரர் ஆல்பர்ட் புஹோல்ஸை: எங்கள் செயிண்ட் லூயிஸ் கார்டினல்ஸில் தொடங்கி, உங்கள் கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸுக்குப் போய், இந்த வருஷம் இங்கேயே திரும்பி வந்து, 700 ஹோம் ரன்னை (நம் சிக்ஸர் மாதிரி) தொட்டவர். ஃபோனில் பதில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய், நான் கத்துவேன், சமையலறையிலிருந்து இவள் எட்டிப் பார்ப்பாள். பத்து வருஷமாக அப்படித்தான் நடக்கிறது. எழுத்தில் வைத்துக்கொண்டால் உன்னால் குறுக்கே பேச முடியாது, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

முதலில் வீட்டுச் செய்தி. சின்னவள் பள்ளிக்கூட ஸாஃப்ட்பால் அணியில் சேர்ந்திருக்கிறாள். பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாள், ஆனாலும் சீருடையைத் தினமும் துவைத்துக் கொடுக்க வேண்டும். எனக்குக் குதிகால் வலி. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது ஆணியை மிதித்த மாதிரி இருக்கிறது. தண்ணீர் பாட்டிலை ஃப்ரீசரில் உறைய வைத்து, பாதத்துக்கு அடியில் போட்டு உருட்டச் சொன்னார் டாக்டர். நோயின் பெயரை அவர் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிளான்டர் ஃபேஷியைடிஸ்! 2013-இல் இந்தப் பெயரை நீ என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாய்? "வெறும் குதிகால் வலிக்கு ஒருத்தன் 99 மேட்ச்சோட சீசனை முடிச்சுக்குவானா?" என்பாய். முடித்துக்கொள்வான்டா. குப்பைத் தொட்டியைத் தெருமுனைக்குத் தள்ளிக்கொண்டு போகவே நான் இரண்டு நாளாக இவளிடம் சாக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சரி, ஆல்பர்ட் புஹோல்ஸ் வழக்குக்கு வருவோம். உன் தரப்பு எனக்கு மனப்பாடம். ஏஞ்சல்ஸ் பத்து வருஷத்துக்கு 24 கோடி டாலர் கொடுத்தார்கள், கிடைத்தது 222 ஹோம் ரன், ஆக ஒன்றுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல். மைக் ட்ரவுட்டைப் போன்ற பெரிய ஆட்டக்காரர் ஒருவர் அணியில் இருந்தும் அந்தக் காலத்தில் பிளே ஆஃப் போனது ஒரே தடவை, 2014-இல். அதிலும் கான்சாஸ் சிட்டியிடம் மூன்று மேட்ச்சும் தோல்வி. 2015-இல் 40 ஹோம் ரன் அடித்தாரே என்று நான் சொன்னால், சராசரி .244, நாலு தடவைக்கு ஒரு ஹிட் கூட இல்லை என்பாய். 2017-இல் 101 பேரை ஓடவைத்து ரன் சேர்த்தாரே என்றால், உடனே வார் (WAR) கணக்கை எடுப்பாய், ஒருவரால் அணிக்கு எத்தனை வெற்றி கூடியது என்ற கணக்கு. அந்த வருஷம் அது சுழியத்துக்குக் கீழே. மைனர் லீகிலிருந்து கைக்குக் கிடைத்த ஒரு பையனை அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் ஏஞ்சல்ஸ் இன்னும் ஒன்றிரண்டு மேட்ச் ஜெயித்திருப்பார்கள் என்று அர்த்தம். அப்புறம் உனக்கு மிகவும் பிடித்த சாதனை: பந்தைத் தரையோடு உருட்டிவிட்டு, தானும் அவுட்டாகி முன்னால் ஓடுகிறவனையும் அவுட்டாக்குவது. கால் ரிப்கனின் 350-ஐத் தாண்டி 426 வரை கொண்டுபோய் வைத்திருக்கிறார் நம் ஆள். முதல் பேஸுக்கு அவர் ஓடுவதைப் பார்த்து, பந்தியிலிருந்து எழுந்து கை கழுவப் போகிற மாமா என்றாய். அதைக் கேட்டு நானும் சிரித்தேன், அது வேறு விஷயம்.

இதில் எதையும் நான் மறுக்கவில்லை. எழுதியே கொடுத்துவிட்டேன், பத்திரமாக வைத்துக்கொள்.

ஆனால் நீ எப்போதும் கணக்கை 2011 டிசம்பரிலிருந்துதான் தொடங்குவாய். நீ அந்த வருஷம் ஜூனில்தான் இங்கே அறையைக் காலி செய்துவிட்டு கலிஃபோர்னியா போனாய், ஆறு மாதத்தில் அவரும் உன் பின்னாலேயே வந்துவிட்டார். உன் கண்ணில் அவர் வந்த அன்றே வயதானவர். அதற்கு முந்தைய பதினோரு வருஷத்தை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

1999-இல், அணிகள் புதுப் பையன்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் அவரை எடுத்தபோது 13-ஆவது சுற்று, 402-ஆவது பெயர். அவருக்கு முன்னால் 401 பேரை எல்லா அணிகளும் மாறி மாறி எடுத்து முடித்திருந்தார்கள். வந்த பிறகு பத்து சீசன் வரிசையாக சராசரி .300-க்குக் குறையவில்லை, 30 ஹோம் ரனுக்குக் குறையவில்லை, 100 ஆர்பிஐ-க்கும் (தன் அடியால் அணிக்குச் சேர்த்த ரன்) குறையவில்லை. பதினோராவது வருஷம் .299, ஆர்பிஐ 99. ஒரு நூல் இழை. அந்த வருஷமும் டெக்சாஸில் உலக சீரிஸ் என்ற கோப்பைத் தொடரின் மூன்றாவது மேட்ச்சில் மூன்று ஹோம் ரன் அடித்தார், கோப்பையும் எங்களுக்குத்தான் வந்தது. இதற்கெல்லாம் கார்டினல்ஸ் கொடுத்தது என்ன? 2004-இல் போட்ட ஒப்பந்தம் ஏழு வருஷத்துக்கு 10 கோடி டாலர். சீசனின் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி விருது மூன்றும் அந்த ஏழு வருஷத்துக்குள் வந்தவை. அலெக்ஸ் ரோட்ரிகஸுக்கு 2000-த்திலேயே பத்து வருஷத்துக்கு 25.2 கோடி எழுதிக் கொடுத்திருந்தார்கள், ஞாபகம் வைத்துக்கொள்.

அதாவது மாப்ளே, மாம்பழம் சாப்பிட்டது நாங்கள், கொட்டைக்குக் காசு கொடுத்தது நீங்கள். இதைச் சொன்னால் உனக்குக் கோபம் வரும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சேர்த்தே கோபித்துக்கொள். புஹோல்ஸை எடுத்துக்கொண்டதற்கு ஈடாக ஏஞ்சல்ஸ் தங்கள் முதல் சுற்றுத் தேர்வை எங்களுக்குக் கொடுக்க வேண்டிவந்தது. 2012-இல் அந்த இடத்தில் எடுத்த பையன்தான் மைக்கேல் வாக்கா. அடுத்த வருஷமே எங்கள் அணி ஆடும் நேஷனல் லீக் இறுதித் தொடரில் எம்விபி ஆகி எங்களை உலக சீரிஸுக்குக் கூட்டிக்கொண்டு போனான். பாஸ்டனிடம் தோற்றோம், அதை விடு.

உனக்கும் எனக்கும் சண்டையே "மதிப்பு" என்ற சொல்லில்தான் என்று இந்த வருஷம்தான் எனக்குப் புரிந்தது. ஏஞ்சல்ஸ் அவருக்கு அவ்வளவு கொடுத்துவிட்டதால் அவரைத் தினமும் ஆட வைத்தார்கள், அதுவும் நடு வரிசையில். வலது கைப் பிட்சரோ இடது கைப் பிட்சரோ, கால் வலிக்கிறதோ இல்லையோ, விலைச்சீட்டு தொங்கும் சாமானைக் கடை முகப்பில்தானே வைக்க வேண்டும்! கடைசி வருஷம் 3 கோடி டாலர் சம்பளம், சராசரி .198. 2021 மே மாதம் ஒரு வியாழக்கிழமை போகச் சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு நீ எனக்கு ஃபோன் செய்யவில்லை. பத்து வருஷத்தில் அன்று ஒரு நாள்தான் நீ கேலி செய்யவில்லை, அதை நான் கவனித்தேன்.

இந்த வருஷம் இங்கே அவர் வந்தது 25 லட்சம் டாலருக்கு. நேஷனல் லீகிலும் இந்த சீசனிலிருந்து டி.எச். விதி வந்திருக்காவிட்டால் அதுவும் நடந்திருக்காது. ஃபீல்டிங் செய்யாமல் மட்டை மட்டும் பிடிக்க ஓர் இடம் கிடைத்தது. இடது கைப் பிட்சர் வந்தால் நீ போ, இல்லாவிட்டால் உட்கார் என்றார்கள், அவரும் உட்கார்ந்தார். மூன்று எம்விபி வாங்கியவர் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு பையன்களுக்குக் கை தட்டினார். மே மாதம் ஒரு நாள் சான் ஃபிரான்சிஸ்கோவோடு 15-க்கு 2 என்று முன்னிலையில் இருந்தபோது, கடைசி இன்னிங்ஸில் பந்து வீசக்கூட அனுப்பினார்கள். நாலு ரன் கொடுத்தார். சின்னவள் விழுந்து விழுந்து சிரித்தாள், நானும்தான், ஆனால் உள்ளுக்குள் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. சீசன் நடுவில் வரும் ஆல் ஸ்டார் இடைவேளை வரைக்கும் .215, ஆறே ஆறு ஹோம் ரன். அப்போது நீ சொன்னதெல்லாம் நியாயம்தான் என்று எனக்கே பட்டது, சொல்லவில்லை.

அதற்கப்புறம் பதினெட்டு அடித்தார். ஆகஸ்டில் கொலராடோவோடு ஆடிய மேட்ச்சில், பெஞ்சிலிருந்து எழுந்து போய் மூன்று பேஸிலும் ஆள் நிற்க ஒன்று. நாலு நாள் கழித்து சிகாகோவில் ஒன்று, அந்த மேட்ச்சின் முடிவு 1-0. செப்டம்பரில் அதே சிகாகோ இங்கே வந்தபோது, எட்டாவது இன்னிங்ஸ் வரை இரண்டு பக்கமும் பூஜ்யம், மறுபடி பெஞ்சிலிருந்து வந்து ஒன்று, முடிவு 2-0. இது வழியனுப்பு விழா இல்லையடா, பாயிண்ட் டேபிள். உன் கணக்கிலேயே போட்டுப் பார், ஒரு ஹோம் ரனுக்கு ஒரு லட்சம் டாலர் சொச்சம். அந்த மட்டை அப்படியேதான் இருந்தது, அதனிடம் என்ன கேட்க வேண்டும் என்பது ஏஞ்சல்ஸுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அவருக்கும் தெரிந்திருக்காது, 37 வயதில் எவன் தன்னைப் பாதி ஆள் என்று ஒப்புக்கொள்வான்? 42-இல் ஒப்புக்கொண்டார்.

"கூட்டம் எழுந்து நின்று கை தட்டுவதெல்லாம் பழைய பாசம், அதற்கெல்லாம் வெற்றிப் புள்ளி கிடையாது" என்று நீ எழுதியிருந்தாய். இதை எழுதியது யார்? சென்னை அணி தோனியை இந்த வருஷத்துக்கு 12 கோடிக்கு வைத்துக்கொண்டபோது, "அவர் டக்அவுட்டில் உட்கார்ந்திருந்தாலே போதும்" என்று குடும்ப குரூப்பில் போட்டவன். ஒன்பதாவது இடத்தில் முடித்தார்கள். அப்போது எங்கே போயிற்று உன் வார் கணக்கு?

பாசத்துக்கு எண் கிடையாது என்பது சரிதான். ஆனால் 2019 ஜூனில் ஏஞ்சல்ஸ் சட்டையோடு அவர் முதன்முறையாக இங்கே வந்தபோது நான் மேல் மாடத்தில் இருந்தேன். முதல் நாள் அவர் மட்டையோடு வந்ததும், எங்கள் கேட்ச்சர் மொலினா வேண்டுமென்றே எழுந்து பிளேட்டுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார், கூட்டம் ஆசை தீரக் கை தட்டட்டும் என்று. மறுநாள் எங்கள் பிட்சரையே அடித்து இடது பக்கம் தூக்கிப் போட்டார். எதிரணி ஹோம் ரன்னுக்கு சொந்த ஊர்க் கூட்டம் எழுந்து நின்று, உள்ளே போனவரை வெளியே வரச் சொல்லி, தொப்பியைத் தூக்க வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தது. என் முன் வரிசையில் ஒரு பெரியவர் கையில் ஸ்கோர் அட்டை வைத்திருந்தார். ஹோம் ரன் கட்டத்தை நிரப்பப் பென்சிலை எடுத்தவர், அதை நிரப்பாமலேயே பையில் போட்டுக்கொண்டார். இதை உன்னிடம் இத்தனை நாள் சொல்லவில்லை, நீ அதற்கும் ஒரு சராசரி கேட்பாய்.

இப்போது வெட்கக்கேடான விஷயம். செப்டம்பர் 23, லாஸ் ஏஞ்சல்ஸ் மேட்ச். எங்களுக்கு இரவு ஒன்பது மணிக்கு மேல். 698-இல் நிற்கிறார். மூன்றாவது இன்னிங்ஸில் 699 போனது, நானும் சின்னவளும் குதித்தோம். குதித்தேனா, குதிகாலில் சுரீர் என்றது. இனி இன்றைக்கு இன்னொன்று எங்கே வரப்போகிறது என்று, நொண்டிக்கொண்டே ஃப்ரீசரிலிருந்து பாட்டிலை எடுக்கக் கீழே போனேன். பாதிப் படியில் திரும்பி வரும்போது மேலே ஒரு அலறல். பத்து வருஷம் உன்னோடு மல்லுக்கு நின்றவன், 700 போன நேரத்தில் கையில் ஐஸ் பாட்டிலோடு படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தேன். மேலே போனபோது அவர் வலைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த முன்னாள் ஆட்டக்காரர் அட்ரியன் பெல்ட்ரேயிடம் போய்க் கொண்டாடிக்கொண்டிருந்தார். 700 அடித்தவர்கள் பாண்ட்ஸ், ஆரன், ரூத், அதற்கடுத்து இவர். டாட்ஜர்ஸ் கூட்டம் மொத்தமும் நிற்கிறது. "அப்பா, நீங்க எங்க போனீங்க?" என்கிறாள் சின்னவள்.

பிளே ஆஃபில் ஃபிலடெல்ஃபியாவிடம் தோற்றது பற்றி நான் பேச விரும்பவில்லை. முதல் மேட்ச்சில் ஒன்பதாவது இன்னிங்ஸில் 2-0 முன்னிலையை வைத்துக்கொண்டு ஆறு ரன் கொடுத்தார்கள். எங்கள் பெரிய மட்டைகள் கோல்ட்ஷ்மிட்டும் அரனாடோவும் இரண்டு நாளும் ஓய்ந்து போனார்கள். கிழவர் கடைசி முறை மட்டையோடு போய் ஒரு சிங்கிள் அடித்தார். அவருக்குப் பதில் ஓட ஒரு பையனை அனுப்பினார்கள், முதல் பேஸிலிருந்து மெதுவாக நடந்து வந்தார். கைகழுவப் போகிற அதே நடை. பார்த்தாயா?

அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? தங்கச்சி எழுதியிருந்தாள், இப்போது பேப்பர் எழுத்தே தெரிகிறதாம். 2006-இல் அவரைப் புது புஷ் ஸ்டேடியத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோமே, "அடிச்சப்புறம் மட்டையை ஏன்டா தூக்கிப் போடறான்?" என்று நாலு இன்னிங்ஸ் கேட்டுக்கொண்டிருந்தார். புஹோல்ஸ் வந்து காலை அகட்டி, முழங்காலை மடக்கி நின்றதும்தான் பேச்சை நிறுத்தினார். அன்று ஹோம் ரன் கூட வரவில்லை, ஒரு டபுள்தான். "பந்து வர்ற வரைக்கும் தலை ஆடவே இல்ல பாரு, இவன் பேட்ஸ்மேன்" என்றார். கிரிக்கெட் தவிர எதையும் விளையாட்டு என்றே சொல்லாத மனிதர்.

700-ஆவது ஹோம் ரன்னின் வீடியோவைத் தனியாக அனுப்புகிறேன். புதுக் கண்ணோடு அப்பா ஒரு தடவை பார்க்கட்டும். தலை ஆடிற்றா இல்லையா என்று மட்டும் அவரிடம் கேட்டு எழுது. நீ பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்காதே.

உன் பழைய அறைக்காரன்