அக்கறைக் குறைவு என்னும் நோய்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில், முன்னாள் படைவீரர்களின் மனச்சோர்வைப் பற்றிய கட்டுரையின் கடைசிப் பத்தியில் ஒரு வாக்கியம் இருக்கிறது: “ஒழுக்கத்தில் ஊறிய படைவீரருக்கு உணவுப் பழக்கத்தை மாற்றிக்கொள்வது பெரிய காரியமல்ல, வீட்டுப் பெண்கள் சற்று அக்கறை காட்டினால் மாத்திரைகளுக்கு விடை கொடுத்துவிடலாம்.” நான் ஒரு முன்னாள் படைவீரரின் மனைவி. இத்தனை ஆண்டுகளாக என் கணவர் குணமாகாததற்குக் காரணம் என்னுடைய அக்கறைக் குறைவுதான் என்பதைத் தங்கள் இதழ் வழியாக அறிந்துகொண்டேன். மிக்க நன்றி.

படையில் இருந்த காலத்தில் எதை, எப்போது, எவ்வளவு உண்பது என்பதை என் கணவர் ஒருநாளும் முடிவு செய்ததில்லை. மெஸ்ஸில் வைத்ததைக் கொடுத்த நேரத்துக்குள் விழுங்கிவிட்டு எழுந்தார். களத்தில், நாள் முழுதும் சுமை தூக்கி நடக்கும் உடலுக்கெனக் கணக்கிட்டு அடைத்த பொட்டல உணவைத் தின்று, தூக்கத்தை விரட்டக் காப்பியைக் குடித்துக்கொண்டே இருந்தார். ஓய்வு பெற்றபின் நடை நின்றுவிட்டது. சாப்பிடும் வேகமும் அளவும் காப்பியும் நிற்கவில்லை. தனக்கு வேண்டியதைத் தானே தேர்ந்து, தானே தொடங்கி, பலன் ஏதும் தெரியாத வாரங்களிலும் விடாமல் தொடரும் பழக்கத்தைப் படை அவருக்குக் கற்பிக்கவில்லை. கொஞ்சநஞ்சம் இருந்ததையும் மனச்சோர்வு கொண்டுபோயிற்று. இரவில் கெட்ட கனவு கண்டு விழித்தெழுகிறவர் சமையலறைக்குப் போய் இனிப்பைத் தேடுகிறார். மனச்சோர்வுக்கென அவருக்கு எழுதிக் கொடுத்திருக்கும் மிர்ட்டாசபின் தூக்கத்தோடு பசியையும் கூட்டுகிற மருந்து என்பது தாங்கள் அறியாததல்ல. கட்டுரையாளருக்குத்தான் யாரும் சொல்லவில்லை போலும்.

உணவுக்கும் மனதுக்கும் தொடர்பில்லை என்று வாதாட நான் வரவில்லை. 1944-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் தொடங்கிய ஆய்வில், உடலும் மனமும் நன்றாயிருந்த 36 இளைஞர்கள் ஏறத்தாழ ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைக்கப்பட்டபோது அவர்களில் பலர் சோர்ந்தும் எரிந்துவிழுந்தும் ஒதுங்கியும் போனார்கள். பட்டினி மனதை இவ்வளவு கெடுக்கும் என்று எழுபது எண்பது ஆண்டுகளாகத் தெரிந்திருக்க, தங்கள் கட்டுரையோ “ஒருவேளை உணவே உத்தமம்” என்று மனம் நொந்தவர்களுக்கு விரதம் விதிக்கிறது.

கட்டுரை பெருமையோடு சுட்டும் ஆஸ்திரேலிய ஆய்வையும் நான் வாசித்திருக்கிறேன். 2017-இல் ஃபெலிஸ் ஜாக்கா குழுவினர் வெளியிட்ட அந்த ஆய்வில் 67 பேர் கலந்துகொண்டனர். காய்கறி, பழம், பருப்பு வகை, முழுத்தானியம், மீன், கொட்டைகள், ஆலிவ் எண்ணெய் ஆகியவற்றைக் கூட்டி, இனிப்பையும் பொரித்ததையும் பதப்படுத்திய இறைச்சியையும் குறைத்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் 12 வாரங்களில் மனச்சோர்விலிருந்து மீண்டனர். உணவை மாற்றாமல் பேச்சுத்துணை மட்டும் பெற்றவர்களில் 8 விழுக்காட்டினரே மீண்டனர். நம்பிக்கை தரும் செய்திதான், மறுக்கவில்லை. ஆனால் ஆய்வில் கலந்துகொண்டவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே மருந்தோ உளவியல் சிகிச்சையோ பெற்றுக்கொண்டிருந்தவர்கள் என்பதையும், உணவை மாற்றியவர்களோடு ஓர் உணவியல் வல்லுநர் ஏழுமுறை உட்கார்ந்து பேசினார் என்பதையும், அது படைவீரர்களுக்கென நடந்த ஆய்வே அல்ல என்பதையும் கட்டுரையாளர் ஏன் விட்டுவிட்டார்? ஏழு அமர்வு வேண்டாம். என் கணவருக்கு ஓர் அமர்வு கேட்டு நான் அலைந்த அலுவலகத்தில், “உணவுக்கெல்லாம் இங்கே ஆள் இல்லை, வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்” என்றார்கள். தங்கள் கட்டுரையும் அதையேதான் சொல்கிறது, சற்று அழகான தமிழில்.

எனக்கு உண்மையான அச்சத்தைத் தந்தது “உப்பை அறவே நீக்குங்கள்” என்ற வரி. மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் என்ற மருந்தையும் என் கணவர் உட்கொள்கிறார். உப்பைத் திடீரென்று நிறுத்தினால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் தேக்கிக்கொள்ளும். இரத்தத்தில் அதன் அளவு நச்சாகும் எல்லைக்குப் போகக்கூடும். நீரிழிவுக்காக நெடுநாள் மெட்ஃபார்மின் உட்கொள்வோருக்கு வைட்டமின் பி12 குறைந்து, அந்தக் குறையே சோர்வாகவும் மறதியாகவும் வெளிப்படலாம் என்பதும், அதை ஓர் இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம் என்பதும் படைவீரர் குடும்பங்களுக்குப் பயன்பட்டிருக்கும். அதற்கு இடமில்லை. மதுவைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. படைவீரர் என்றதும் கோப்பையை நீட்டும் விருந்துகளுக்குக் கட்டுரையாளரும் போய்வருகிறவர் என்றே நினைக்கிறேன்.

இடம் எதற்கு இருந்தது என்பதையும் கவனித்தேன். கட்டுரைக்கு நேர் கீழே, மனச்சோர்வை விரட்டும் சத்து மாத்திரையின் அரைப்பக்க விளம்பரம். ஐரோப்பாவில் 1,025 பேருக்கு ஓராண்டு காலம் சத்து மாத்திரையும் வெற்று மாத்திரையும் பிரித்துக் கொடுத்து நடத்திய ஆய்வில், சத்து மாத்திரை மனச்சோர்வைத் தடுக்கவில்லை என்று 2019-இலேயே முடிவு வந்துவிட்டது. தங்கள் விளம்பரப் பிரிவுக்கு அச்செய்தி இன்னும் எட்டவில்லை.

இது முதல்முறையும் அல்ல. முன்பு ஒருமுறை “மன உறுதி இருந்தால் மருந்தெதற்கு” என்று தங்கள் இதழ் எழுதியதை நறுக்கி வைத்துக்கொண்டு என் கணவர் மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தினார். தலைசுற்றலும், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற அதிர்வும், தூக்கமற்ற இரவுகளும், அதன்பின் பழைய இருளும் வந்தன. மீண்டும் மருத்துவரிடம் போக அவரைச் சம்மதிக்கவைப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அப்போது நான் எழுதிய கடிதத்தில் தங்கள் இதழைப் பாராட்டிய முதல் வரி மட்டுமே அச்சேறியது. ஆண்டுக்கொருமுறை படைவீரர் படத்தை முதல் பக்கத்தில் போட்டு வணங்குகிறீர்கள். மற்ற நாள்களில் அவர் என்ன பாடுபடுகிறார் என்று கேட்க யாரையும் அனுப்பியதில்லை.

இப்போது எங்கள் வீட்டில் நடப்பது மிகச் சிறியது. மதியத்துக்குப்பின் காப்பி இல்லை. இரவுப் பசிக்கு இனிப்புக்குப் பதில் பழமும் கொட்டைகளும் எடுக்கும் இடத்தில் இருக்கின்றன. வாரத்தில் சில நாள் காய்கறி நறுக்குவது அவர் பொறுப்பு. மாத்திரைகள் தொடர்கின்றன. சில வாரங்கள் நன்றாக இருக்கிறார், சில வாரங்கள் தட்டைத் தொடுவதில்லை. அந்த வாரங்களில் “இதைக்கூட என்னால் முடியவில்லையே” என்று அவர் சொல்வதைக் கேட்கிற எனக்கு, ‘பெரிய காரியமல்ல’ என்று அச்சில் பார்ப்பது எப்படி இருக்கும் என்பதைத் தாங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

நான் கேட்பது மூன்று வரித் திருத்தம் மட்டுமே: மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தக்கூடாது; லித்தியம் உட்கொள்வோர் உப்பின் அளவைத் தாமாக மாற்றக்கூடாது; உணவு மாற்றம் சிகிச்சைக்குத் துணையே தவிர அதற்கு மாற்றல்ல. அடுத்த ஞாயிறு, அதே பக்கத்தில் வெளியிட வேண்டுகிறேன். இடம் போதாதென்றால் சத்து மாத்திரை விளம்பரத்தைக் கால் அங்குலம் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி