மூன்று பேட்டரி வாங்கிய பிறகு ஒரு மீட்டர் வாங்கினேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழில் பழைய கார் பராமரிப்பு பற்றிய குறிப்பில், நாலைந்து நாள் வண்டி எடுக்கப்போவதில்லை என்றால் பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றி வைக்கச் சொல்லியிருந்தீர்கள். தவறில்லை, நானும் ஆறு மாதம் அப்படித்தான் செய்தேன். ஆனால் ஒழுங்காக இருக்கும் வண்டி நாலைந்து நாளில் படுத்துவிடாது. படுத்தால், பேட்டரி நல்லதாக இருக்கும்பட்சத்தில், எங்கோ கரண்ட் கசிகிறது என்று அர்த்தம். அதைத் தேடாமல் ஒயரைக் கழற்றுவது ஒழுகும் கூரைக்குக் கீழே பாத்திரம் வைக்கிற கதை.

என்னிடம் இருப்பது 1999 மாடல் மாருதி 800. வேலையில் இருந்தவரை பள்ளிக்கூடம் போய்வர தினமும் 24 கிலோமீட்டர் ஓடியது, ஒருநாளும் மக்கர் பண்ணியதில்லை. ஓய்வுபெற்ற பிறகு எப்போதாவது திருச்செந்தூர், இல்லாவிட்டால் ஒரு கல்யாண வீடு, அவ்வளவுதான். அப்போது தொடங்கியது வினை. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம். மறுமுறை அதுவும் இல்லை. தெருப் பையன்கள் தள்ளிவிடுவார்கள். "டீச்சர், செகண்டுல போட்டு கிளச்ச விடுங்க" என்று, என்னிடம் படித்தவனே எனக்குப் பாடம் எடுத்தான்.

இரண்டு வருடத்தில் மூன்று பேட்டரி. கடையில் கேட்டால், "ஓட்டாம வச்சா போகத்தான் செய்யும் டீச்சர்." ஏதோ ஒரு கருவியை மாட்டி, 'மாற்றவும்' என்று சீட்டும் தந்தார்கள். அந்தச் சீட்டு பொய் சொல்லவில்லை. பேட்டரி அடிக்கடி அடிமட்டம்வரை காலியானால் காரீயத் தகடுகளில் சல்பேட் இறுகிப்போகும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய தெம்பு வராது. பேட்டரி போனது நிஜம். எதனால் போனது என்றுதான் ஒருவரும் பார்க்கவில்லை.

நானும் பார்க்கவில்லை என்பதுதான் வெட்கக்கேடு. "அம்மீட்டரைத் தொடரிணைப்பில்தான் இணைக்க வேண்டும்" என்று 31 வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் சொன்னவள் நான். மூன்றாவது பேட்டரிக்கு 3,800 ரூபாய் எண்ணிக் கொடுத்துவிட்டு வந்த அன்று சாயங்காலம்தான் உறைத்தது. 400 ரூபாய்க்கு, கரண்ட் அளக்கும் டிஜிட்டல் மல்ட்டிமீட்டர் ஒன்று வாங்கினேன்.

சாவியை எடுத்துவிட்டு, பத்தாம் நம்பர் ஸ்பேனரால் மைனஸ் ஒயரைக் கழற்றி, அந்த ஒயருக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் மீட்டரை வைத்தேன். மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளையில் செருக வேண்டும். மீட்டர் நடுவில் இருக்கும்போது சாவியைத் திருப்பவே கூடாது. செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல்கூட இழுக்கும். மீட்டருக்குள் இருக்கும் ஃபியூஸ் போய்விடும். பழக்கதோஷத்தில் நான் திருப்பினேன், போயிற்று. மறுநாள் ஃபியூஸ் வாங்கிவந்து மறுபடி ஆரம்பித்தேன். கதவு திறந்திருந்தால் கூரை விளக்கு எரிந்து கணக்கைக் கெடுக்கும் என்று முதலிலேயே அந்த பல்பையும் கழற்றிவிட்டேன்.

மீட்டர் காட்டியது 0.42. இந்தக் காலத்து வண்டியிலேயே, உள்ளே இருப்பதெல்லாம் உறங்கிய பிறகு, பொதுவாக 0.05-க்குள் நிற்க வேண்டும். என் வண்டியிலோ ராத்திரி விழித்திருக்க வேண்டியது ரேடியோ ஒன்றுதான். 0.42 ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்குப் பத்து ஆம்பியர்-மணி. பேட்டரியில் இருப்பதே 35. மூன்றரை நாளில் சுத்தமாகக் காலி. செல்ஃப் எடுக்காமல் போக அவ்வளவு நாள்கூட வேண்டாம். பள்ளிக்கூடம் போய்வந்த காலத்தில் ராத்திரி கசிந்ததைப் பகல் ஓட்டத்தில், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் ஈடுகட்டியிருக்கிறது. வியாதி பழசுதான்.

ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். ரேடியோ ஃபியூஸுக்கு 0.40 ஆனது. மற்றதற்கெல்லாம் அசையவில்லை. ஆல்டர்னேட்டரின் டயோடு கசிந்தாலும் இப்படித்தான் இருக்கும் என்று அதன் தடித்த ஒயரையும் கழற்றிப் பார்த்தேன். அதே எண். இடுப்பு விட்டுப்போய் நிமிர்ந்தபோதுதான் கண்ணில் பட்டது: பேட்டரியின் பிளஸ் முனையில், தடித்த ஒயரோடு ஒட்டி இன்னொரு சிவப்பு ஒயர். ஒரு சாணுக்கு அப்பால் கறுப்பு டேப் சுற்றிய தனி ஃபியூஸ். அதைப் பிடுங்கினேன். 0.02.

ஒயரைத் தடவிக்கொண்டே போனால் அது முன்சீட்டுக்கு அடியில் போய் முடிந்தது. மகன் கல்லூரியில் படித்தபோது அடம்பிடித்து மாட்டிய ஆம்ப்ளிஃபயர். தொட்டால், பூனை படுத்து எழுந்த இடம்போல இளஞ்சூடு. ரேடியோவை அணைத்ததும் அதுவும் அணைய, ரேடியோவிலிருந்து நீல ஒயர் ஒன்று அதற்கு வர வேண்டும். மாட்டியவர் அந்த ஒயரை இழுக்கச் சோம்பல்பட்டு, ஆம்ப்ளிஃபயரின் பிளஸ் முனையிலேயே ஒரு துண்டுக் கம்பியால் கோர்த்துவிட்டிருந்தார். இரண்டு அங்குலக் கம்பி. இத்தனை வருடமும், பேட்டரி இணைப்பில் இருந்தவரை, அதை யாரும் அணைத்ததே இல்லை.

பேட்டரி விற்பவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பழைய வண்டிக்கு அடுத்தடுத்து பேட்டரி கேட்டு ஒருவர் வந்தால், பேட்டரியை மட்டும் சோதிக்காமல் வண்டியின் கசிவையும் அளந்து அதே சீட்டில் எழுதிக் கொடுங்கள். இரண்டு நிமிட வேலை. தாங்களும் அடுத்த முறை இந்தக் குறிப்பை வெளியிடும்போது 0.05 என்ற எண்ணையும் சேர்த்துப் போட வேண்டுகிறேன்.

அதன்பின் வண்டி பதினோரு நாள் அப்படியே நின்றது. ஒயரைக் கழற்றவில்லை. பன்னிரண்டாம் நாள் காலை முதல் திருப்பிலேயே எடுத்தது. ஆம்ப்ளிஃபயரைத் துடைத்துப் பரணில் வைத்திருக்கிறேன்; பொங்கலுக்கு வரும்போது மகன் எடுத்துப்போகட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
பாளையங்கோட்டை.