புதிய வீடுகளுக்குக் குழாய் பதிக்கும் முன்

பெருந்தோட்ட மற்றும் சமூக உட்கட்டமைப்பு அமைச்சின் அதிகாரிகளுக்கு, வணக்கம்.

இலங்கை மலையகத் தோட்டங்களில், லயங்கள் எனப்படும் வரிசை அறைகளை விட்டு மக்கள் 7 பேர்ச் காணியில் தனி வீடுகளுக்குப் போகத் தொடங்கியிருக்கிறார்கள். இந்த மடல் அந்த வீடுகளின் மலசலகூடத்தில் சிறுநீருக்கு வைக்க வேண்டிய தனிக் குழாயைப் பற்றியது.

2021 மே மாதம் அரசு இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியது. அந்த ஆண்டு ஏறக்குறைய 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி அடுத்த ஆண்டு 25 கோடிக்கு இறங்கியது. கொழுந்து குறைந்தால் முதலில் அடிபடுவது பறிக்கிறவர்களின் சம்பளம்தான். 2021 முடிவதற்குள்ளேயே தடை போய்விட்டது. கப்பல் வந்தால்தான் யூரியா என்ற நிலை போகவில்லை.

ஆனால் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பசளை தினமும் வீணாகப் போய்க்கொண்டிருக்கிறது. வீட்டுக் கழிவுநீரின் நைதரசனில் சுமார் 80 சதவீதமும், பொஸ்பரசில் ஏறக்குறைய பாதியும் சிறுநீரில்தான் இருக்கின்றன. அளவில் அது நூற்றில் ஒரு பங்குதான். குழிக்குள் விட்டால், மழை பிடிக்கும்போது கானில் இறங்கி கொத்மலை ஓயா வரை போய்ப் பாசிக்குத் தீனியாகிறது.

இதை மின்சாரத்தால் மீட்கலாம். தனியாகச் சேர்த்த சிறுநீரில் ஒரு மக்னீசியத் தகட்டையும் ஓர் உருக்குத் தகட்டையும் இறக்கிச் சிறிய மின்னோட்டம் கொடுத்தால், மக்னீசியம் கரையும். உருக்கில் ஐதரசன் குமிழ்விடும். கரைந்த மக்னீசியம் பொஸ்பேற்றையும் கொஞ்சம் அமோனியாவையும் பிடித்துக்கொண்டு வெள்ளை மணலாக அடியில் படியும். அதுதான் ஸ்ட்ரூவைட். சாதாரண மண்ணில் மெதுவாகக் கரையும் பசளை அது. புளிப்பு மண்ணில் இன்னும் நன்றாகக் கரையும். தேயிலை மண்ணோ புளிப்பு மண். மிச்ச அமோனியாவையும் மின்னோட்டத்தால் மென்சவ்வு (சில பொருட்களை மட்டும் விடும் மெல்லிய தாள்) வழியே இழுத்து, கந்தக அமிலத்தில் பிடித்தால் அமோனியம் சல்பேற்று. தேயிலைக்கு நெடுங்காலமாகப் போட்டு வந்த பசளைதான் இது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். யாரும் சிறுநீரை வாளியில் அள்ளிச் சுமக்கக் கூடாது. தலைமுறை தலைமுறையாக அந்த வேலைக்குத் தள்ளப்பட்டவர்கள் நம் தோட்டங்களில் இருக்கிறார்கள். குழாயில் தொட்டிக்கு வந்து, காய்ந்த உப்பாக மட்டுமே வெளியே போக வேண்டும். அப்படி முடியாதென்றால் இந்தத் திட்டமே வேண்டாம்.

செலவு இருக்கிறது. மக்னீசியத் தகடு தேயும், மாற்ற வேண்டும், மென்சவ்வு அடைத்துக்கொள்ளும். அதனால் எல்லாத் தோட்டங்களிலும் உடனே செய்யச் சொல்லவில்லை. ஒரு தோட்டத்துப் புதிய வீட்டு வரிசையில், சிறுநீர் பிரியும் கோப்பையும் தனிக் குழாயும் வைத்துக் கட்டுங்கள். நம் மலைச் சரிவில் பம்ப் இல்லாமலே அது கீழே ஒரு பொதுத் தொட்டிக்கு வந்துவிடும். கிடைக்கும் உப்பைத் தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையம் தேயிலையிலும் லீக்ஸிலும் போட்டுப் பார்க்கட்டும். மருந்து எச்சம், கிருமி உண்டா என்றும் சோதித்து, முடிவை அந்த வீட்டுக்காரர்களுக்குத் தமிழில் முதலில் சொல்லுங்கள்.

பிறகு குழாய் பதிப்பதென்றால் போட்ட சீமெந்தை உடைக்க வேண்டிவரும். அடுத்த கட்ட வீடுகளுக்குக் கேள்விப்பத்திரம் கோரும் முன்பே வரைபடத்தில் அந்தத் தனிக் குழாயைச் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒருவர்