பெரிய அதிகாரியும் வேப்பெண்ணெய்ப் போத்தலும்

தலவாக்கலை
தை மாதக் கடைசி

அன்பு மகளுக்கு,

நலம், உன் நலம் அறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் உன் நலம் எங்களுக்குத் தெரிந்துதான் இருக்கிறது. அண்ணன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். நேரத்துக்கு வேலைக்குப் போகிறாய், ஏதோ சாப்பிடுகிறாய், அம்மா அழைத்தால் மட்டும் "வேலையா இருக்கேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் பேனா எடுத்தேன். கடிதத்தில் ஒரு வசதி உண்டு, அது தானாக ஸ்பீக்கரில் ஏறிப் பேசாது.

கோபித்துக்கொண்டு மடித்து வைத்துவிடாதே. மேலே படி.

அண்ணன் வாயால் நான் கேட்ட கதை இது. மேலதிகாரிகள் நிறைந்த மண்டபத்தில் வருடத் திட்டத்தை விளக்கிக்கொண்டு நிற்கிறாய். உன் போன் மண்டபத்து ஸ்பீக்கரோடு சேர்ந்திருக்கிறது. எதையோ அழுத்தப்போய் அம்மாவின் வாய்ஸ் மெசேஜில் விரல் பட்டுவிடுகிறது. "பாப்பா, பேன் கொறஞ்சிருச்சா? வேப்பெண்ணெ ஒரு போத்தல் பஸ்ல குடுத்து விட்டிருக்கேன். ராத்திரிக்கு நல்லா தேச்சு, துணியக் கட்டிட்டுப் படு. சீப்ப யாருக்கும் குடுத்துராத!" மலையில் இந்தத் தொங்கலிலிருந்து அந்தத் தொங்கலுக்குக் கூப்பிட்டே பழகிய குரல். அந்தக் குரலுக்கு ஸ்பீக்கரே தேவையில்லை, அம்மா அங்கேயே வந்து நின்றது போலத்தான் இருந்திருக்கும்.

தமிழ் தெரிந்தவர்கள் முதலில் சிரித்தார்களாம். அவர்கள் பக்கத்துக் கதிரைக்குச் சிங்களத்தில் சொல்ல, இரண்டாம் தவணையாக மற்றவர்கள் சிரித்தார்களாம். நடுவில் உட்கார்ந்திருந்த பெரிய அதிகாரி தன்னை அறியாமல் தலையைச் சொறிந்தாராம். அண்ணன் இதைச் சொன்னபோது நான் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி மூக்கில் ஏறிவிட்டது. அம்மா முதலில் "ஐயோ, எம்புள்ள மானம் போச்சே" என்று தலையில் கை வைத்தாள். கொஞ்ச நேரத்தில் விலாவைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் அவளே எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். இனி மறைக்க ஒன்றுமில்லை. மேல் மலை, கீழ் மலை எல்லா மலைக்கும் தெரியும். தீபாவளிக்கு வந்தபோது உனக்குப் பேன் ஏற்றிவிட்ட அண்ணன் மகள் மட்டும் ஒன்றும் அறியாதவள் போல நடமாடுகிறாள்.

உனக்கு ஏன் இது சிரிப்பாக இல்லை என்பது எனக்கு விளங்குகிறது. நீ பட்டம் வாங்கி வந்தபோது சந்தியில் பேனர் கட்டினார்கள். அதில் உன் முகத்தைப் பார்த்திருக்கிறாயா? வழக்குக்குப் போகிறவள் முகம் போல அவ்வளவு இறுக்கம். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்த பிள்ளை ஒரு பிழை விட்டால் தோட்டம் முழுவதற்கும் பெயர் கெட்டுவிடும் என்ற எண்ணத்தோடுதான் நீ அந்தக் கந்தோருக்குள் காலடி வைக்கிறாய். உன்னோடு வேலை செய்கிற மற்றப் பிள்ளைகள் ஒரு சொல் தடுமாறினால் தடுமாறியது அவர்கள் மட்டும்தான். நீ தடுமாறினால் நம் சனம் இந்த மலையில் வாழ்ந்த இருநூறு வருடமும் சேர்ந்து தடுமாறுவதாக நினைக்கிறாய். அப்படி யாரும் உன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை, மகள்.

தோட்டத்துப் பெயரைக் காப்பாற்றவேண்டும் என்றால், தோட்டத்துச் சனம் எப்படிச் சிரித்தது என்பதையும் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள். உன் தாத்தாவை நீ கண்டதில்லை. பகலில் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி பிடித்தவர், மாசி மாதம், சிவன் மன்மதனை எரித்த கதையை ஆடுகிற காமன் கூத்தில் கோமாளி. ரதிக்கும் மன்மதனுக்கும் கிடைத்த மரியாதை அவருக்கு இல்லை. ஆனால் சனம் காத்திருந்தது அவருக்குத்தான். ஒரு வருடம் தோட்டத்தை நடத்துகிற துரைமார் போடுகிற மாதிரி அரைக்காற்சட்டை, முழங்கால்வரை மேசு என்கிற காலுறை, தலையில் ஒரு பழைய தொப்பி. கையில் தராசு. கூட்டத்துக்குள் நுழைந்து நேராக, ஆட்களை வேலை வாங்குகிற பெரிய கங்காணியிடம் போனார். நல்ல பருத்த மனிதர். அவரைத் தராசில் தூக்குகிற மாதிரி பாவனை செய்து, "சாக்குக்கு ரெண்டு கிலோ கழி. ஈரத்துக்கு மூணு கிலோ கழி. முத்தல் இலைக்கு நாலு கிலோ கழி" என்று கழித்துக்கொண்டே போய், கடைசியில் ஏற இறங்கப் பார்த்து, "ஒனக்கு அரைப்பேர்தான், போ" என்றார்.

நாள் முழுக்கப் பறித்தும் கணக்குக்குக் குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழுகிற சனம் அது. எப்படிச் சிரித்திருக்கும் பார். ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது கங்காணியை. அந்த மனிதர் கண்ணில் நீர் வரச் சிரித்து, மடியிலிருந்து ஒரு ரூபாயை எடுத்துத் தாத்தா தொப்பியில் போட்டார். அடுத்து தாத்தா கணக்கப்பிள்ளையிடம் போனார். அதே தராசு, அதே கழிவு. கணக்கப்பிள்ளை கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். மறுநாள் காலையிலேயே அவருக்கு 'அரைப்பேர் ஐயா' என்று பட்டப்பெயர் விழுந்துவிட்டது. ஓய்வுபெற்றுத் தோட்டத்தை விட்டுப் போகும்வரை அது போகவில்லை. அவர் பிள்ளைகளை 'காப்பேர்' என்று கூப்பிட்டோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கங்காணிக்குப் பட்டப்பெயர் எதுவும் ஒட்டவில்லை. அவரே சிரித்து முடித்துவிட்ட பிறகு மற்றவர்கள் சிரிக்க அங்கே என்ன மிச்சம்?

அதே தாத்தா அழவேண்டிய இடத்திலும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 1948இல் மலையகத் தமிழரான நம் குடியுரிமை பறிபோனது, 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து நம்மைத் தலைக்கணக்கில் பிரித்துக்கொண்டார்கள். நீ படித்தவள், உனக்குத் தெரியும். எழுபதுகளில் பெரிய தாத்தா குடும்பத்துக்கு இந்தியா போகச் சீட்டு வந்தது. நம் சனம் ஒப்பாரிக் கோச்சி என்று பேர் வைத்த அந்த ரயில். ஸ்டேசனில் ஒரே அழுகை. பெரிய தாத்தா தம்பியைப் பிடித்துக்கொண்டு, "பாக்காத ஊருக்குப் போறேன்டா, அங்க எந்த ஊருன்னு கேட்டா என்னடா சொல்லுவேன்" என்றார். தாத்தா சொன்னார்: "சிலோன்னு சொல்லு. இங்க கேட்டா இந்தியான்னு சொல்றோம்ல, கணக்குச் சரியாயிரும்." அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், கன்னத்தில் நீர் ஒழுகிக்கொண்டேதான். அவர்கள் அதற்குப் பிறகு சந்திக்கவில்லை. கடைசியாகப் பேசிக்கொண்ட பேச்சு அந்தப் பகிடிதான்.

நான் வாத்தியார் என்பதால் தொல்காப்பியத்தை இழுக்காமல் விடமாட்டேன் என்று உனக்குத் தெரியும். உள்ளத்து உணர்ச்சி உடம்பில் தெரிகிற மெய்ப்பாடு எட்டிலே தொல்காப்பியர் நகையைத்தான், சிரிப்பைத்தான், முதலில் வைத்தார். பெருமிதத்துக்குக் கிடைத்தது ஆறாவது இடம். நகை பிறக்கிற இடங்களையும் சொன்னார்: "எள்ளல் இளமை பேதைமை மடன்என்று உள்ளப் பட்ட நகைநான்கு என்ப." இதில் எள்ளலுக்கு, பேராசிரியர் என்ற பெயருடைய பழைய உரைகாரர் எழுதிய உரையைப் பார். நாம் பிறரை எள்ளிச் சிரிப்பது ஒன்று. பிறர் நம்மை எள்ளும்போது நாமே சிரிப்பது இன்னொன்று. பெரிய கங்காணி எந்த ஏடும் படிக்காமலே இரண்டாவதைத் தெரிந்து வைத்திருந்தார். மடன் என்பதற்கு உரைகளில் வருகிற ஒரு விளக்கம் கொண்டதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது. கிழமைக் கணக்காக ஒரு வாய்ஸ் மெசேஜைப் பிடித்துக்கொண்டு நீ தூங்காமல் கிடக்கிறாயே, உன்னை இந்த நாலாவதில்தான் சேர்த்திருக்கிறேன்.

இடுக்கண் வருங்கால் நகுக என்ற குறளை வேண்டுமென்றே விட்டேன். அது இடுக்கணுக்குச் சொன்னது. பேனை வள்ளுவர் இடுக்கணில் சேர்த்திருக்கமாட்டார்.

உனக்கு ஆராய்ச்சி என்றால்தான் நம்பிக்கை வரும். ராபர்ட் புரொவைன் என்று ஓர் அமெரிக்க ஆய்வாளர் சனம் எப்போது சிரிக்கிறது என்று பொது இடங்களில் கவனித்துக் குறித்தார், மாணவர்களை நாட்குறிப்பும் எழுதவைத்தார். தனியே இருக்கும்போதைவிட ஆட்களோடு இருக்கும்போது 30 மடங்கு கூடுதலாகச் சிரிக்கிறோம். அதிலும் பெரும்பங்கு பகிடிக்காக வந்த சிரிப்பே இல்லை, வெறும் பேச்சுக்கு வந்தது. ஒக்ஸ்போர்டில் ரொபின் டன்பார் குழுவினர், சேர்ந்து சிரித்த பிறகு மனிதர்கள் கூடுதலாக வலி தாங்குகிறார்கள் என்று கண்டார்கள். மூளையில் சுரக்கிற எண்டோர்பின் அதற்குக் காரணம் என்பது அவர்கள் விளக்கம். இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "18 கிலோவ முதுகுல சுமந்துகிட்டு, அட்டைக்கடியோட எறங்குற பொம்பளைங்க எதுக்கு அப்படிச் சிரிக்கிறாங்கன்னு நெனச்சாங்களாம்?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். ஆனால் ஒன்று, சிரிப்பு சம்பளத்தைக் கூட்டாது. 1,000 ரூபாய் நாட்சம்பளம் 2021இல் வந்து சேரும்வரை சனம் ரோட்டில் இறங்கிக் கேட்கவேண்டித்தான் இருந்தது. சிரிப்பை எல்லா நோய்க்கும் மருந்தாக விற்கிறவர்களை நான் நம்புவதில்லை.

எல்லாச் சிரிப்புக்கும் நீ சேர்ந்து சிரிக்கவேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. நாளை யாராவது பகிடி என்ற பெயரில், நம்மை இழிவாகக் குறிக்கிற 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லைச் சொன்னால் சிரித்துக் கொடுக்காதே. முகத்தை நேராக வைத்துக்கொண்டு, "அதில் என்ன பகிடி, விளக்குங்கள்" என்று கேள். விளக்கச் சொன்னால் அந்த மாதிரிப் பகிடி அங்கேயே செத்துவிடும். உனக்கு நேர்ந்ததைப் பார்த்துச் சிரிப்பது வேறு, உன் பிறப்பைப் பார்த்துச் சிரிப்பது வேறு. அந்த மண்டபத்தில் சிரித்தவர்கள் உன் பிறப்பைப் பார்த்துச் சிரித்ததாக எனக்குத் தோன்றவில்லை. பேனுக்கு இனமும் இல்லை, பதவியும் இல்லை. அவர்கள் எல்லோருக்கும் ஓர் அம்மா இருக்கிறாள், அவளும் இப்படி எதையாவது சொல்லி மானத்தை வாங்கியிருப்பாள்.

அண்ணன் சொன்னதில் எனக்கு மனதில் தைத்தது வேறொன்று. கூட்டம் முடிந்ததும் ஒரு சிங்கள மெடம் உன்னிடம் வந்து, தன் மகளுக்கும் பள்ளிக்கூடத்தில் பேன் தொற்றிவிட்டது, அந்த எண்ணெய் எங்கே கிடைக்கும் என்று கேட்டாராமே. நீ கேலி செய்கிறார் என்று நினைத்து முகம் கொடுக்காமல் வந்துவிட்டாயாம். அவர் கேலி செய்யவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். அவ்வளவு பெரிய கந்தோரில் முதன்முதலாக ஒருவர் வேலைக் கதை இல்லாமல் வீட்டுக் கதை பேச வந்திருக்கிறார். அம்மா இன்னொரு போத்தல் கட்டி வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வரும். கொண்டுபோய் அவர் கையில் கொடு. அடுத்த கூட்டத்தில் நீ பேச எழுந்ததும், மற்றவர்கள் நினைத்துக்கொள்வதற்கு முன், "இன்றைக்கு அம்மா பேசமாட்டார்" என்று நீயே சொல்லிவிட்டுத் தொடங்கு. அதோடு அது உன் பகிடி.

அம்மாவோடு பேசு. வாய்ஸ் மெசேஜ் அனுப்பாதே என்று சொன்னதை அவள் நெஞ்சில் வைத்துக்கொண்டிருக்கிறாள், வெளியே காட்டமாட்டாள். அவளுக்கு எழுத்து சிரமம் என்பது உனக்குத் தெரியும்.

ஊர்ச் செய்தி: மாசி அமாவாசை கழிந்ததும் காமன் ஊன்றுகிறார்கள். இந்த வருடம் ரதி வேடம் உன் சித்தப்பா மகன். பெண் பார்க்க வரப்போகிறார்களாம், அதனால் மீசையை எடுக்கமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். கோயில் கமிட்டி இதற்காகவே இரண்டு தடவை கூடிவிட்டது. மன்மதனாக ஆடுகிறவன், மீசை வைத்த ரதி செத்தாலும் எனக்குக் கவலை இல்லை, நான் எரிந்துபோகத் தயார் என்கிறான். முக்காட்டை இழுத்துவிட்டு ஆடலாம் என்று நான் ஒரு யோசனை சொல்லியிருக்கிறேன், முடிவு ஞாயிற்றுக்கிழமை. லீவு கிடைத்தால் வா.

அன்புடன்,
அப்பா