மாநிலங்களவையில் பணி தொடங்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

மாநிலங்களவை உறுப்பினர் ஒருவரிடம் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்திருக்கும் செய்தி அறிந்து மகிழ்ந்தேன். கூடவே, “கூச்சலையும் ஒத்திவைப்பையும் தவிர இந்த அவையில் என்னதான் நடக்கிறது அப்பா?” என்றும் கேட்டு எழுதியிருந்தாய். அவையின் நடுவிலுள்ள மேசையில் அமர்ந்து, உறுப்பினர்கள் பேசுவதைச் சொல் விடாமல் சுருக்கெழுத்தில் எடுப்பதே என் பணியாக இருந்ததால், இந்தக் கேள்விக்குத் தொலைபேசியில் இரண்டு வார்த்தை சொல்லி முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள். இந்த அவையால் ஓர் அரசைக் கவிழ்க்க முடியாது. வரி, அரசுச் செலவு தொடர்பான பண மசோதாவை 14 நாள்களுக்குமேல் வைத்திருக்கவும் முடியாது. அது பரிந்துரைக்கும் திருத்தங்களை மக்களவை ஏற்கலாம், தள்ளலாம். சாதாரண மசோதாவை அவை தோற்கடித்தாலும், இரு அவைகளும் சேர்ந்து அமர்ந்து வாக்களிக்கும் கூட்டுக் கூட்டம் என்ற வழி அரசுக்கு உண்டு. 2002 மார்ச்சில் பொடா எனப்படும் பயங்கரவாதத் தடுப்பு மசோதா இங்கே தோற்றபோது, அரசு சில நாள்களிலேயே கூட்டுக் கூட்டத்தைக் கூட்டி அதை நிறைவேற்றிக்கொண்டது. அப்படியானால் அவையின் கையில் மிஞ்சுவது என்ன? அமைச்சரை எழுந்து நின்று பதில் சொல்ல வைப்பதும், அந்தப் பதிலைப் பதிவில் ஏற்றுவதும், அவசரப்படும் சட்டத்தைச் சற்று நிறுத்தி ஆராய்வதும்தான். உன் வேலை முழுவதும் இதற்குள் அடங்கும்.

அவை காலை 11 மணிக்குக் கூடும். ஆவணங்களை அவையில் வைக்கும் சடங்கு முடிந்ததும், உறுப்பினர்கள் அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் பூஜ்ய நேரம் வரும். அதில் பேசும் உறுப்பினருக்கு 3 நிமிடமே கிடைக்கும். நேரம் தீர்ந்ததும் ஒலிவாங்கி அணைந்துவிடும். ஆகவே நீ எழுதித் தரும் குறிப்பில் முன்னுரையும் மேற்கோளும் வேண்டாம். எந்த ஊர், என்ன பிரச்சினை, எந்த அமைச்சகம் எதைச் செய்ய வேண்டும் என்று நேராகத் தொடங்கு. பொதுப் பிரச்சினை ஒன்றை எழுதி வாசிக்கும் சிறப்புக் குறிப்புக்கும் 250 சொல் என்ற வரம்பு இருக்கிறது.

கேள்வி நேரத்தைப் பற்றித்தான் உனக்கு அதிகம் சொல்ல விரும்புகிறேன். என் பணிக் காலத்தின் பெரும்பகுதியில் அது 11 மணிக்கே தொடங்கியது. அன்றாட அமளியில் அந்த ஒரு மணி நேரம் திரும்பத் திரும்ப வீணானதால், ஹமீத் அன்சாரி அவைத் தலைவராக இருந்தபோது, 2014-இல் நண்பகல் 12 மணிக்கு மாற்றப்பட்டது. நாளொன்றுக்கு 15 நட்சத்திரக் குறியிட்ட கேள்விகளும் 160 குறியிடாத கேள்விகளும் பட்டியலில் இடம்பெறும். குறியிடாதவற்றுக்கு எழுத்தில் பதில் வரும். குறியிட்டவற்றுக்கு அமைச்சர் அவையில் பதில் சொல்வார், அந்தப் பதிலின் மீதுதான் மேற்கொண்டு துணைக் கேள்வி கேட்கலாம். அந்த வாய்ப்புக்காகவே அத்தனை உறுப்பினர்களும் குலுக்கலில் பெயர் வரக் காத்திருக்கிறார்கள்.

அச்சில் உள்ள பதிலை அமைச்சகத்தின் அதிகாரிகள் நாள்கணக்கில் யோசித்து எழுதியிருப்பார்கள். அதில் ஓட்டை இருக்காது. துணைக் கேள்வி வந்ததும் நிலைமை மாறிவிடும். கேள்வி கூர்மையாக இருந்தால் அமைச்சரின் கை முன்னாலிருக்கும் கோப்பைப் புரட்டும், கண் அதிகாரிகள் மாடத்துக்குப் போகும், அங்கிருந்து ஒரு துண்டுச் சீட்டு அவை ஊழியர் வழியாக அவரிடம் வந்து சேரும். அந்தச் சில நொடிகளில் அவை முழுவதும் அமைதியாகக் கவனிப்பதை நான் மேசையிலிருந்து பலமுறை பார்த்திருக்கிறேன். மாறாக, கேள்வி கேட்பவர் நீண்ட உரை ஒன்றை ஆற்றிவிட்டு, முடிவில் நான்கு கேள்விகளை அடுக்கினால், அமைச்சர் அவற்றில் எளிதான ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுவார். ஒரே கேள்வி, ஒரே எண், ஒரே தேதி என்று எழுதிக் கொடு. “அந்தத் திட்டத்துக்கு ஒதுக்கிய தொகையில் சென்ற நிதியாண்டில் எவ்வளவு செலவாகாமல் திரும்பியது?” என்று கேட்டால் தப்பிக்க இடமில்லை. “அரசு இதில் அக்கறை காட்டுமா?” என்று கேட்டால், காட்டும் என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்துவிடுவார்.

பதிலையும் கவனமாகப் படிக்க வேண்டும். “தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்” என்று ஓர் அமைச்சர் சொன்னால், பலர் அதை ஒன்றுமில்லாத பதிலாக எண்ணிக் கடந்துவிடுகிறார்கள். அது அவைக்குக் கொடுத்த உறுதிமொழி. அதை 3 மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்ற வரையறையும், நிறைவேறியதா என்று பார்க்க அரசு உறுதிமொழிகள் குழுவும் இருக்கின்றன. உன் உறுப்பினர் பெற்ற உறுதிமொழிகளுக்குத் தனிக் கோப்பு ஒன்றைத் தொடங்கு.

மசோதா விவாதத்தில் கட்சிகளின் பலத்துக்கு ஏற்ப நேரம் பிரிக்கப்படும். சிறிய கட்சியின் உறுப்பினர் வாயைத் திறந்து கருத்துக்கு வருவதற்குள் மணி அடிப்பதும், அதையும் நாங்கள் அடைப்புக்குறிக்குள் பதிவு செய்வதும் வழக்கம். ஆனாலும் இறுதியில் ஒவ்வொரு தலையும் எண்ணப்படும் அவை இது. 1970 செப்டம்பர் 5 அன்று, முன்னாள் மன்னர்களின் மானியத்தை ஒழிக்கும் அரசமைப்புத் திருத்த மசோதாவுக்கு 149 பேர் ஆதரவாகவும் 75 பேர் எதிராகவும் வாக்களித்தனர். இத்தகைய திருத்தத்துக்கு வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரிக்க வேண்டும், அன்று அது 149-க்குச் சற்றே கூடுதல். ஒரு வாக்கின் பின்னத்தில், மக்களவை நிறைவேற்றி அனுப்பிய மசோதா இங்கே வீழ்ந்தது. இந்த மானியத்தை ஒழிக்க அரசு அடுத்த ஆண்டு 26-ஆவது திருத்தத்தைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. அன்று வராமல் இருந்தவர்களில் ஒரே ஒருவர் ஆதரவாக வந்து வாக்களித்திருந்தால் கணக்கு மாறியிருக்கும். வாக்கெடுப்பு நாளில் உன் உறுப்பினர் வெளியூர் நிகழ்ச்சிக்கு ஒப்புக்கொள்ளாதபடி பார்த்துக்கொள்வதும் உன் கடமைதான்.

குரல் வாக்கெடுப்பில் யார் எப்படி வாக்களித்தார்கள் என்பது பதிவாகாது. யாரேனும் பிரிவு வாக்கெடுப்பு கேட்டால்தான் பெயர்கள் பட்டியலில் ஏறும். 2020 செப்டம்பர் 20 அன்று வேளாண் மசோதாக்கள் மீது எதிர்க்கட்சியினர் பிரிவு வாக்கெடுப்பு கோரினர். அவர்கள் தத்தம் இருக்கையில் இல்லை என்று காரணம் சொல்லப்பட்டு, குரல் வாக்கெடுப்பிலேயே அந்த மசோதாக்கள் நிறைவேறின. அத்தனை பெரிய சட்டங்களில் எந்த உறுப்பினர் எந்தப் பக்கம் நின்றார் என்பது நம் ஆவணத்தில் இல்லாமல் போனதை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமைப் பிற்பகல்களை நீ தவறவிடக் கூடாது. அமைச்சர் அல்லாத உறுப்பினர்கள் கொண்டுவரும் தனிநபர் மசோதாக்களுக்கும் தீர்மானங்களுக்கும் ஒதுக்கப்பட்ட நேரம் அது. பலரும் சொந்த மாநிலத்துக்கு விமானம் பிடிக்கப் போய்விடுவார்கள். இருக்கைகள் காலியாக இருக்கும். செய்தியாளர் மாடமும் அப்படித்தான். 1970-க்குப் பிறகு தனிநபர் மசோதா எதுவும் சட்டமானதில்லை என்பதால், இது வெறும் பேச்சு என்று அலட்சியம் செய்பவர்கள் உண்டு. ஆனால் 2015 ஏப்ரல் 24, ஒரு வெள்ளிக்கிழமை, திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமைகள் மசோதாவை மாநிலங்களவை ஒருமனதாக நிறைவேற்றியது. அது மக்களவையைத் தாண்டவில்லை. 2019-இல் அரசு தன் சொந்த மசோதாவைச் சட்டமாக்கியது, அதன் மீது திருநர் சமூகத்திலிருந்து கடும் விமர்சனங்களும் எழுந்தன. இருந்தாலும் சட்டம் என்ன சொல்லியிருக்கலாம் என்பதற்கு ஓர் அவையின் ஒப்புதல் பெற்ற வாசகம் அவர்களிடம் இருந்தது. அதை வைத்து ஒப்பிட்டு வாதாட முடிந்தது.

இனி, நீ கேட்ட கூச்சலுக்கு வருகிறேன். இருபது முப்பது பேர் ஒரே நேரத்தில் மையப் பகுதியில் நின்று முழங்கும்போது, என் குறிப்பேட்டில் அத்தனை குரல்களும் “குறுக்கீடுகள்” என்ற ஒரே சொல்லாகிவிடும். அன்றைய அலுவல்களை நிறுத்திவைத்து அவசரமான ஒரு விஷயத்தைப் பேச 267-ஆவது விதியின்கீழ் விவாதம் கேட்டு, அது மறுக்கப்பட்டால் எதிர்க்கட்சி குரல் உயர்த்துவதை நான் குறை சொல்ல மாட்டேன். சிறுபான்மைக்கு வேறு ஆயுதம் இல்லாத நாள்கள் உண்டு. ஆனால் கேள்வி நேரத்தைக் குலைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அச்சிட்ட பதில் அவையில் வைக்கப்பட்டுவிடும், துணைக் கேள்வி மட்டும் போய்விடும். அன்று நிம்மதியாக வீடு திரும்புபவர் அமைச்சர்தான். இதை உன் உறுப்பினரிடம் தயங்காமல் எடுத்துச் சொல். அவர் கட்சிக் கொறடாவின் சொல்லை மீற முடியாமல் போகலாம், ஆனால் உன் கருத்து அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த கூட்டத்தொடருக்கு இப்போதே தயாராகு. எந்தக் கிழமையில் எந்த அமைச்சகம் பதில் சொல்லும் என்ற பட்டியல் வந்ததும், ஒவ்வொரு தேதியிலிருந்தும் 15 முழு நாள்கள் பின்னோக்கி எண்ணி, கேள்வி கொடுக்க வேண்டிய கடைசி நாளைக் குறித்துக்கொள். வெளியிடப்பட்ட ஆவணத்திலேயே கிடைக்கும் தகவலைக் கேட்டால் செயலகம் ஏற்காது என்பதால், முந்தைய விடைகளையும் நிலைக்குழு அறிக்கைகளையும் தேடிப் படித்துவிட்டு எழுது. முதல் மூன்று கேள்விகளின் வரைவையும், அவற்றுக்கு வரக்கூடிய பதிலையும், அந்தப் பதிலின் மேல் கேட்க வேண்டிய துணைக் கேள்வியையும் எனக்கு அனுப்பு. திருத்தித் திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா