மாடி ரவுட்டரும் உன் வைத்தியமும்

அன்புள்ள சேகர்,

இங்கு அனைவரும் நலம். அத்தைக்குக் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. உன் கடிதத்துக்கு இவ்வளவு தாமதமாகப் பதில் எழுதுவதற்குக் காரணம் நீயேதான். மாடிக் கணினியிலிருக்கும் கொடைக்கானல் படங்களைக் கீழ்க் கணினியில் திறக்க முடியவில்லை என்றதற்கு, ஃபயர்வாலை (வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் காவலை) அணைத்து, எஸ்எம்பி1-ஐ (கணினிகள் ஃபைல்களைப் பகிரும் பழைய முறையை) இயக்கினால் இரண்டு கணினிகளும் பேசிக்கொள்ளும் என்றாயே, அது உன் பழைய கெமிஸ்ட்ரி லேப் வைத்தியத்தைப் போன்றதுதான் என்று விட்டுவிட்டு, கோளாறை நானே தேட வேண்டியதாயிற்று.

மாடிக் கணினியிலிருந்து பிங் (இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைச் செய்தி) அனுப்பினால் கீழ்க் கணினி உடனே பதில் தந்தது. கீழிருந்து அனுப்பினாலோ 'ரெக்வெஸ்ட் டைம்டு அவுட்', அதாவது பதில் வரவில்லை என்ற வரிதான் மீண்டும் மீண்டும் வந்தது. நெட்வொர்க்கில் ஒவ்வொரு கணினிக்கும் உள்ள எண்ணான ஐபி முகவரிகளைப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது: கீழே 192.168.1.5, மேலே 192.168.0.101; மூன்றாம் எண் வேறாக இருந்ததால் இரண்டும் வெவ்வேறு நெட்வொர்க்கில் இருந்தன. ஃபைபர் இணைப்போடு வந்த மோடமே ஒரு ரவுட்டர். அதிலிருந்து சென்ற கேபிளை மாடி ரவுட்டரின் வான் (இணையம் உள்ளே வரும்) துளையில் செருகியிருந்ததால், அது தனக்கென்று தனி நெட்வொர்க் ஒன்றை உருவாக்கி, மாடிக் கணினியைத் தன் முதுகுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தது. உள்ளிருந்து வெளியே போகலாம், வெளியிலிருந்து உள்ளே நுழைய முடியாது. மாடி ரவுட்டருக்கு 192.168.1.2 என்ற முகவரியைக் கொடுத்து, அதன் டிஹெச்சிபியை (கணினிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் வேலையை) நிறுத்தி, கேபிளை லேன் (வீட்டுக் கணினிகளை இணைக்கும்) துளைக்கு மாற்றியதும் இரண்டும் ஒரே நெட்வொர்க்குக்கு வந்துவிட்டன.

அப்போதும் படங்கள் இருந்த ஃபோல்டர் கீழிருந்து திறக்கவில்லை. மாடிக் கணினியில் நெட்வொர்க் 'பப்ளிக்' (பொது இடத்து நெட்வொர்க்) என்றிருந்ததை 'பிரைவேட்' (வீட்டு நெட்வொர்க்) ஆக்கினேன். பாஸ்வேர்டு இல்லாத கணக்கை விண்டோஸ் நெட்வொர்க் வழியே அனுமதிக்காது என்பதால் பாஸ்வேர்டும் வைத்தேன். கொடைக்கானல் படங்கள் அனைத்தும், உன் மீசை உட்பட, பத்திரமாகக் கீழே வந்து சேர்ந்தன. ஃபயர்வாலை நான் தொடவேயில்லை.

சிரித்தது போதும், இனிச் சொல்வதைக் கவனமாகப் படி. உன் கடைக் கணினியில் இன்னமும் எஸ்எம்பி1 இயங்குகிறது, ஃபயர்வாலும் அணைந்தே கிடக்கிறது என்று கண்ணன் சொன்னான். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற தீய மென்பொருள் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது அந்த எஸ்எம்பி1-இல் இருந்த ஓட்டையின் வழியாகத்தான். பிரிட்டனில் மருத்துவமனைகளே முடங்கின. அதே ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும்போது அதைச் சேர்ப்பதையே மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. உன் கணக்கு வழக்கெல்லாம் அந்த ஒரே கணினியில் இருக்கிறது. 'விண்டோஸ் ஃபீச்சர்ஸ்' பட்டியலில் எஸ்எம்பி1-க்கு எதிரேயுள்ள டிக்கை எடுத்துவிட்டு, ஃபயர்வாலையும் இயக்கிவிட்டு எனக்கு ஒரு வரி எழுது. எஸ்எம்பி1-ஐ நம்பியிருக்கும் உன் பழைய ஸ்கேனர் அதன்பின் முரண்டு பிடித்தால் எனக்கு அனுப்பிவிடு, ஆனால் காசு கேட்காதே.

அன்புடன்,
முரளி