விரலுக்குக் கணக்கு உண்டு, வேலைக்கு ஆறு மாதம்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் தொழிற்சாலை விபத்து என்று செய்தி வந்தால், அடிபட்டவருக்கு இழப்பீடு எவ்வளவு என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. புண் ஆறித் திரும்பி வரும் ஆளுக்குக் கேட் திறக்குமா என்று யாரும் கேட்பதில்லை. பணத்துக்குச் சட்டத்தில் பக்கம் பக்கமாக இடம் இருக்கிறது. வேலைக்கு இருந்தது ஏறக்குறைய ஒரே ஒரு பிரிவு, அதற்கும் ஆறு மாதக் கெடு.

1948-ஆம் ஆண்டு தொழிலாளர் அரசுக் காப்பீட்டு (இஎஸ்ஐ) சட்டத்தின் 73-வது பிரிவைச் சொல்கிறோம். (இந்தச் சட்டம் 2025 நவம்பரில் புதிய சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது, அதைக் கடைசியில் சொல்கிறோம்.) வேலையில் காயம்பட்டுத் தற்காலிக ஊனப் பலன் (புண் ஆறும்வரை இஎஸ்ஐ தரும் பணம்) வாங்கும் காலத்தில் அந்தத் தொழிலாளியை நீக்கவோ, பதவி இறக்கவோ, வேறு விதத்தில் தண்டிக்கவோ கூடாது, அந்த நாட்களில் கொடுத்த நீக்க நோட்டீஸ் செல்லாது என்றது அது. மீறினால் ஓராண்டு வரை சிறை அல்லது 4,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று 85-வது பிரிவு சொன்னது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இஎஸ்ஐ பொது ஒழுங்குமுறைகளில் 98 என்று ஓர் எண் உண்டு. பலன் வாங்கத் தொடங்கி ஆறு மாதம் தொடர்ந்து ஓடிவிட்டால், பணி நிபந்தனைகள் இடம் கொடுத்தால், உரிய நோட்டீஸ் தந்து ஆளை விடுவிக்கலாம் என்கிறது அது. நசுங்கிய கைக்கு ஒட்டுத்தோல் வைத்து, நரம்பு சரியாகி, பிடிமானம் திரும்ப ஆறு மாதம் போதாது என்பது வைத்தியம் பார்த்த எவருக்கும் தெரியும். தோல் ஷாப்பு (தோல் பதனிடும் கூடம்) முதலாளிகளுக்கும் தெரியும்.

அதைவிடப் பெரிய ஓட்டை இன்னொன்று. பாதுகாப்பு தற்காலிக ஊனத்துக்கு மட்டும்தான். மருத்துவர் இறுதிச் சான்று எழுதிய அன்றோடு தற்காலிகப் பலன் நின்றுவிடும், 73-வது பிரிவின் குடையும் மடங்கிவிடும். அதன் பிறகு மருத்துவக் குழு கூடி நிரந்தர ஊனத்துக்குச் சதவீதம் போடும்வரை கையில் காசும் வராது. இந்த இடைவெளியில்தான் பெரும்பாலானவர்களுக்கு வேலை போகிறது. "ஃபிட்" என்று இஎஸ்ஐ மருத்துவர் எழுதித் தருகிறார். கேட்டில் மேற்பார்வையாளர், "இந்தக் கையை வைத்துக்கொண்டு எந்த மிஷினில் நிற்பாய்? நன்றாக ஆறட்டும், சொல்லி அனுப்புகிறோம்" என்கிறார். சொல்லி அனுப்புவதில்லை. மூன்று மாதம் கழித்து, அறிவிப்பின்றி வேலைக்கு வராமல் நின்றுவிட்டதாக ஊர் முகவரிக்குக் கடிதம் போகிறது. இஎஸ்ஐ அலுவலகத்தின் கணக்கில் அவர் குணமானவர், கம்பெனியின் கணக்கில் ஓடிப்போனவர்.

ஆகவே இறுதிச் சான்று கையில் கிடைத்த நாள்தான் முக்கியம். மறுநாள் காலை ஷிப்டுக்கே கேட்டுக்குப் போக வேண்டும். சான்றின் நகலோடு, "இன்ன தேதியில் பணிக்குத் தயாராக வந்துள்ளேன், பழைய வேலை இயலாது என்று நிர்வாகம் கருதினால் மாற்று வேலை தரக் கோருகிறேன்" என்று இரண்டு வரிக் கடிதம் கொடுத்து, இன்னொரு நகலில் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்துப் போட மறுத்தால் அதே நாளில் ஒப்புகை அட்டையோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, கடிதத்தைப் படம் எடுத்து எச்.ஆர். எண்ணுக்கு வாட்ஸ்அப்பிலும் போட்டு வைக்கலாம். செலவு நூறு ரூபாய்க்குள் முடியும். இந்தக் கடிதம் இல்லாததால்தான் தொழிலாளர் அலுவலரின் முன்னால் "அவராக நின்றுவிட்டார்" என்ற வாதம் நிற்கிறது.

பணம் எவ்வளவு வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம், வேலையின் மதிப்பு அதில்தான் தெரியும். நாள் சராசரிக் கூலி 600 ரூபாய் உள்ளவருக்குத் தற்காலிகப் பலன் 90 சதவீதம், அதாவது நாளுக்கு 540 ரூபாய். விபத்து நடந்த நாளைத் தவிர்த்துக் குறைந்தது மூன்று நாள் வேலை செய்ய முடியாமல் போயிருக்க வேண்டும். இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதற்குக் கிடையாது, வேலையில் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. நிரந்தர ஊனம் என்று வந்துவிட்டால் சட்ட அட்டவணைதான் பேசும்: கட்டைவிரல் போனால் 30 சதவீதம், ஒரு கையில் நான்கு விரல் போனால் 50, மூன்று போனால் 30, இரண்டு போனால் 20, ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 14. கட்டைவிரலை இழந்தவருக்கு 540-இல் 30 சதவீதம், நாளுக்கு 162 ரூபாய், 30 நாளுக்கு 4,860 ரூபாய். ஆயுள் முழுக்க வரும், உண்மைதான். ஆனால் 26 நாள் உழைத்து 15,600 ரூபாய் கொண்டுவந்த வீடு அது. ஆள்காட்டி விரல் போனவருக்கு மாதம் 2,268 ரூபாய்தான். இந்தத் தொகை சம்பளத்தோடு சேர்ந்து வரவேண்டிய துணைப்பணம். மறுபடி வேலைக்குப் போனால் நிரந்தர ஊனப் பலன் நின்றுவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். நிற்காது. முழுச் சம்பளம் வாங்கினாலும் இது தனியாக வரும்.

மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் உள்ளவர்களும் பத்துப் பேருக்குக் குறைவான சின்ன யூனிட்களில் இருப்பவர்களும் இஎஸ்ஐக்கு வெளியே, 2025 நவம்பர் வரை 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் வந்தவர்கள். அங்கே தற்காலிக ஊனத்துக்கு அரை மாதத்துக்கு ஒருமுறை மாதச் சம்பளத்தில் 25 சதவீதம். அந்தச் சம்பளத்துக்கும் 2020 ஜனவரி முதல் 15,000 ரூபாய் உச்சவரம்பு. ஆக மாதம் 7,500-க்கு மேல் போகாது. வேலையைப் பற்றி அந்தச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை.

இனி விபத்து நடந்த அன்று நடப்பது. ஷூ கம்பெனியில் தோலை வெட்டும் கிளிக்கிங் பிரஸ் இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை ஒருசேர அழுத்தினால்தான் இறங்க வேண்டும். பீஸ் கணக்கு ஏறவேண்டும் என்று ஒரு பொத்தானை டேப் சுற்றி அழுத்தியே வைத்துவிடுகிறார்கள். இடது கை டையை (வெட்டும் அச்சை) நகர்த்திக்கொண்டிருக்கும்போதே பிரஸ்ஸின் தலை இறங்கிவிடும். அடிபட்டதும் தனியார் நர்சிங் ஹோம், ரொக்கமாகப் பில், "என் கவனக்குறைவால் நேர்ந்தது" என்று ஒரு தாளில் கையெழுத்து. இந்த மூன்றும் சேர்ந்தே வரும்.

அந்தத் தாள் இஎஸ்ஐ பணத்தைக் கெடுக்காது. முதலாளியின் வேலைக்காகச் செய்யும்போது விதியை மீறியிருந்தாலும் அது வேலைக் காயம்தான் என்பது சட்டம். ஆனால் 1923 சட்ட வகையில் வருபவருக்கு அது ஆபத்து. பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே ஒதுக்கினார் என்று காட்டிவிட்டால், மரணமோ முழு நிரந்தர ஊனமோ அல்லாத காயத்துக்கு இழப்பீட்டையே மறுக்கலாம். இரண்டு வகையினருக்கும் பிறகு உள்விசாரணை வைத்து நீக்குவதற்கு அதே தாள் பயன்படுகிறது. டேப் சுற்றியது யார் என்று அந்த விசாரணையில் யாரும் கேட்பதில்லை.

கையெழுத்துப் போட வேண்டிய இடம் வேறு. விபத்துப் பதிவேடு என்று ஒன்று, படிவம் 11, ஒவ்வொரு தொழிற்சாலையிலும் இருக்க வேண்டும். எழுத முடியாதவர் வாயால் சொன்னாலும் போதும், அவருக்காக இன்னொருவரும் சொல்லலாம். தேதி, மணி, மிஷின், அருகில் இருந்தவர் பெயர் நான்கும் அதில் ஏறவேண்டும். தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் படிவம் 12-இல் முதலாளி இஎஸ்ஐக்கு அறிக்கை தர வேண்டும். இப்போது அது இணையவழி. அறிக்கை போயிற்றா என்று கிளை அலுவலகத்தில் காப்பீட்டு எண்ணைச் சொல்லிக் கேட்டுவிடலாம். போகவில்லை என்றால் தொழிலாளியே எழுத்தில் கொடுக்கலாம். பணம் கோருவது படிவம் 9, நிரந்தர ஊனத்துக்குப் படிவம் 14. தனியார் மருத்துவமனையிலோ சி.எம்.சி.யிலோ முதலில் சேர்ந்திருந்தாலும், டிஸ்சார்ஜ் ஆனதும் காகிதங்களோடு இஎஸ்ஐ மருந்தகத்துக்கோ வேலூர் இஎஸ்ஐ மருத்துவமனைக்கோ போய் அங்கே சான்று தொடங்க வேண்டும். இடையில் சான்று இல்லாத நாட்கள் விழுந்தால் அந்த நாட்களுக்குப் பணமும் சிக்கல், பணிக்காப்பும் சிக்கல். ஆறு மாதம் எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்பதற்கும் இந்தச் சான்றுகள்தான் ஆதாரம்.

விபத்துக்கு மறுநாள் அவசரமாக இஎஸ்ஐயில் பெயர் சேர்ப்பதும் உண்டு. அப்போது விசாரணை வரும், காலம் இழுக்கும். அதற்காக உரிமை போய்விடாது. பதிவு செய்யத் தவறியது முதலாளியின் குற்றம், தொழிலாளிக்கு இஎஸ்ஐ கொடுத்ததை முதலாளியிடமிருந்து வசூலிக்க 68-வது பிரிவு வழி செய்தது. ஒப்பந்தக்காரர் மூலம் வந்த ஆள் என்றாலும் முதன்மை முதலாளிதான் பொறுப்பு. தோல் பதனிடும் குரோம் கரைசலில் நின்று கையில் புண் வந்தவர்களும் இதையெல்லாம் படிக்க வேண்டும். குரோமிய நச்சால் வரும் நோய் தொழில் நோய்ப் பட்டியலில் இருக்கிறது, ஆறு மாதம் தொடர்ந்து அந்த வேலை செய்திருந்தால் அது வேலைக் காயமாகவே எடுத்துக்கொள்ளப்படும்.

வேலை போயே தீரும் என்ற நிலை வந்தாலும் "சொந்த விருப்பத்தின் பேரில் ராஜினாமா" என்று மட்டும் எழுதித் தரக் கூடாது. காரணம் பணிக்கொடை. ஐந்து ஆண்டு முடிந்தால்தான் பணிக்கொடை என்ற நிபந்தனை, ஊனத்தால் வேலை முடிந்தவருக்குப் பொருந்தாது. விபத்துக்கு முன் செய்த வேலையைச் செய்ய முடியாமல் போனால் அதுவே ஊனம் என்பது பணிக்கொடைச் சட்டத்தின் விளக்கம். "பழைய வேலை உன்னால் முடியாது" என்று முதலாளி சொல்லும் வாக்கியமே அவரைப் பணிக்கொடை தர வைக்கிறது. ராஜினாமா என்று எழுதினால் அது அழிந்துவிடுகிறது. வேலைக் காயத்தால் வராத நாட்களும் தொடர் பணியாகவே கணக்காகும், ஓராண்டுப் பணிக்குப் பார்க்கும் 240 நாள் கணக்கில் அதைக் கழிக்க முடியாது. நிரந்தர ஊனத்தால் வேலை இழந்தவர் ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டித் தனக்கும் மனைவிக்கும் அல்லது கணவருக்கும், ஓய்வு வயது வரை இஎஸ்ஐ வைத்தியத்தைத் தொடரலாம் என்பதும் பலருக்குத் தெரியாது.

இப்போது அரசுப் பேருந்து ஓட்டுநரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 20-வது பிரிவின் 4-வது உட்பிரிவு: பணிக்காலத்தில் ஊனமுற்ற ஊழியரை அரசு நிறுவனம் நீக்கக் கூடாது, பதவி இறக்கக் கூடாது. அதே ஊதிய விகிதத்தில் வேறு பணி தர வேண்டும், அதுவும் இல்லையென்றால் கூடுதல் பணியிடம் உருவாக்கி வைத்திருக்க வேண்டும். வேலூர் டிப்போ ஓட்டுநருக்குக் கால் போனால் இந்தச் சட்டம் இருக்கிறது. (நீதிமன்றம் ஏறித்தான் வாங்க வேண்டியிருக்கிறது என்பது தனிக் கதை.) ஆம்பூர் ஷூ கம்பெனியில் விரல் போனவருக்கு அந்த உட்பிரிவு பொருந்தாது. அவர் செய்ய வேலையே இல்லையா? தோல் தரம் பிரிப்பது, அளவு மிஷினில் எண் குறிப்பது, கெமிக்கல் ஸ்டோரில் எடை போட்டுக் கொடுப்பது, ஜோடி சேர்த்துப் பெட்டியில் வைப்பது, இறுதிப் பரிசோதனை எல்லாம் மூன்று விரலோடு செய்யக்கூடியவை. சதை நீக்கும் மிஷினுக்கோ பிளேட்டிங் பிரஸ்ஸுக்கோ திரும்ப அனுப்பக் கூடாது, அவ்வளவுதான்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. இஎஸ்ஐ சட்டம், 1923 சட்டம், பணிக்கொடைச் சட்டம் மூன்றும் அதற்குள் போயின. மனு எழுதுபவர்கள் பழைய பிரிவு எண்ணோடு புதிய சட்டத்தின் பெயரையும் சேர்த்தே எழுதுவது நல்லது. பழைய ஒழுங்குமுறைகள் இடைக்காலத்துக்கு மட்டுமே தொடர்கின்றன, அவற்றின் இடத்தில் புதியவை வர வேண்டும். அதில் 73-வது பிரிவின் பாதுகாப்பு ஒரு வரியும் குறையாமல் இருக்க வேண்டும், 98-இன் ஆறு மாதக் கெடு இருக்கக் கூடாது. மருத்துவக் குழு சதவீதம் சொல்லும் நாள் வரைக்குமாவது காப்பு நீள வேண்டும். இறுதிச் சான்றில் "ஃபிட்" என்ற ஒரு சொல்லுக்குப் பதில், எந்த வேலை செய்யலாம், எதைச் செய்யக் கூடாது, எத்தனை கிலோ தூக்கலாம் என்று மருத்துவர் எழுத ஒரு கட்டம் வேண்டும். படிவம் 12 பதிவானதும் காயம்பட்டவரின் செல்பேசிக்குத் தமிழில் குறுஞ்செய்தி போக வேண்டும். தொழிலாளர் நலம் பொதுப்பட்டியலில் இருப்பதால், தனியார் தொழிற்சாலைகளிலும் மாற்று வேலையைக் கட்டாயமாக்க மாநில அரசே திருத்தம் கொண்டுவரலாம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டச் சட்டமன்ற உறுப்பினர்களும் இதைப் பேரவையில் எழுப்பக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தோல், காலணித் தொழிலாளர்களுக்கு இஎஸ்ஐ மனு எழுதித் தருவோர்,
ஆம்பூர் – பேரணாம்பட்டு.